மஞ்சள் பைக்குள் இருந்த பொட்டலம்

நான்கு வருஷமாகத் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த நாடி அன்றைக்குக் கடிகாரம் மாதிரி ஒழுங்காக இருந்தது. நிமிஷத்துக்கு 42. சாதாரண ஆளுக்கு நாடி ஒழுங்காக இருந்தால் நல்ல சேதிதான். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேல் அறை ஒழுங்கில்லாமல் துடிக்கிற கோளாறு) உள்ளவருக்கு, அதுவும் நாடியை மெதுவாக்குகிற டிகாக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, நாடி திடீரென்று ஒழுங்காகி மெதுவாகவும் ஆகிவிட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். இதயத்தின் மேல் அறையில் நடக்கிற குழப்பம் கீழே போய்ச் சேரவே இல்லை, கீழ் அறை தன் பாட்டுக்குத் தனியாக அடித்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

பெரியவருக்கு 66 வயது, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், திருவிடைமருதூர் பக்கம். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆளைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆறு வருஷத்துக்கு முன் பெரிய மாரடைப்பு, அதிலிருந்து எக்கோ ஸ்கேனில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் பங்கு) 30 சதவீதத்தைத் தாண்டியதில்லை. அப்புறம் நாடிக் கோளாறும் சேர்ந்துகொண்டது. சாப்பிட்டுவந்த மாத்திரைகள்: பிரஷரைக் குறைக்கிற எனலாபிரில், நாடியை மெதுவாக்குகிற மெட்டோபுரோலால், காலையும் மதியமும் ஃபுரோசெமைடு என்கிற நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், ரத்தம் கட்டாமலிருக்க அசெனோகௌமரால், வாரத்தில் ஐந்து நாள் டிகாக்ஸின். இந்த ஐந்து நாள் கணக்கு நம் பக்கத்து வழக்கம். சனி ஞாயிறு டிகாக்ஸினுக்கு லீவு.

மாத்திரையில் பிசகாத ஆள். தினமும் காலையில் எடை பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில், டிக்கெட் கணக்கு எழுதிய அதே கையெழுத்தில், தேதி, எடை, மூச்சு என்று கட்டம் போட்டு எழுதிவருவார். அந்த நோட்டைப் பார்க்கிற எந்த டாக்டருக்கும் இவர்மீது ஒரு நம்பிக்கை வந்துவிடும், எனக்கும் வந்தது, அதனாலேயே சில கேள்விகளைக் கேட்காமல் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு வந்தபோது பத்து நாளாகப் பசியில்லை, சோற்றைப் பார்த்தாலே குமட்டல், நான்கு நாளாக வாந்தி. கால் இரண்டும் முழங்கால்வரை வீங்கி, அமுக்கினால் விரல் பதிந்தது. நோட்டின்படி ஒன்றரை மாதத்தில் எடை 61 கிலோவிலிருந்து 65.4 ஆகியிருந்தது. பிரஷர் 158/90. எப்போதும் 110-ஐத் தாண்டாதவர். இந்தக் கடைசி எண்ணை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. பம்பிங் இவ்வளவு குறைவாக இருக்கிறவருக்குப் பிரஷர் தானாக ஏறாது. வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் இருக்கிற ஆளுக்கு நிச்சயம் ஏறாது. முதலில் நான் செய்தது என்ன தெரியுமா, ஊறுகாய் சாப்பிட்டீர்களா என்று அவரைத் திட்டியதுதான்.

வாந்தி, பசியின்மை என்றதும் வீட்டில் என்ன நினைத்தார்கள் என்று கேட்டேன். அவர் மனைவி சொன்னார்: "இவங்களுக்குக் காமாலைங்க டாக்டர். எதப் பாத்தாலும் மஞ்சளாத் தெரியுதுங்கிறாங்க. டியூப் லைட்டச் சுத்தி மஞ்சத் தண்ணி ஊத்துனாப்ல இருக்காம்." காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று ஊரே சொல்லும்போது அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள், உப்பில்லாப் பத்தியத்தோடு. கண்ணை இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது. உண்மையில் காமாலை வந்தவருக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை, அவர்தான் மற்றவர்களுக்கு மஞ்சளாகத் தெரிவார். ஒருவர் கண்ணுக்கு உலகம் மஞ்சளாகிறது என்றால் நான் முதலில் தேடுவது டிகாக்ஸினைத்தான்.

ஈசிஜி அதையே சொன்னது. ரத்தத்தில் பொட்டாசியம் 2.7, கீழ் எல்லையே 3.5. மெக்னீசியமும் குறைவு. சிறுநீரக வேலையைக் காட்டுகிற கிரியாட்டினின் 1.5, முன்பு 1.2. டிகாக்ஸின் அளவு வெளியே அனுப்பி மறுநாள் சாயங்காலம் வந்தது: மில்லிலிட்டருக்கு 2.9 நானோகிராம். இதயச் செயலிழப்பில் நாங்கள் விரும்புவது 0.5-இலிருந்து 0.9 வரை.

ஆக, டிகாக்ஸின் நஞ்சு. சரி, ஏன்? மாத்திரையை அதிகமாகச் சாப்பிட்டிருப்பாரோ என்று அட்டையை எண்ணினோம், கணக்கு சரியாக இருந்தது. பொட்டாசியம் இறங்கினால் டிகாக்ஸின் இதயத் தசையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் கேள்வி பொட்டாசியத்துக்குப் போனது. வாந்தியும் நீர் மாத்திரையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் எனலாபிரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றுகிற மருந்துகள். இரண்டும் சாப்பிடுகிறவருக்கு 2.7 என்பது இடித்தது. வீக்கம், பிரஷர் ஏற்றம், பொட்டாசியம் இறக்கம் மூன்றும் ஒன்றாக வந்தால் உப்பைத் தங்கவைக்கிற ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாதிரி ஏதோ ஒன்று உடம்பில் ஓவராக வேலை செய்கிறது என்று மருத்துவக் கல்லூரியிலேயே படித்தது.

இதற்குள் எங்கள் ஜூனியர் கேஸ் ஷீட்டில் "மூலிகை நச்சு, மருதம்பட்டை" என்று எழுதிவிட்டார். காரணம் இருக்கிறது. பெரியவர் இரண்டு வருஷமாக மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறார் என்பது எங்களுக்கு முன்பே தெரியும், அவரே சொல்லியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்த ஊர்க்காரர் வேறெந்தப் பட்டையைக் குடிப்பார்? திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரமே மருதுதான். ஸ்ரீசைலம் மல்லிகார்ஜுனம், நடுவில் இடைமருதூர், தெற்கே திருப்புடைமருதூர், மூன்றுக்கும் அதே மரம். வடமொழியில் அதன் பெயர் அர்ஜுனம். ஆயுர்வேதத்தில் நெஞ்சு நோய்க்குப் பாலில் காய்ச்சிக் கொடுப்பது பழைய முறை. ஒருவர் மூலிகை சாப்பிடுகிறார் என்று தெரிந்ததும் எது நடந்தாலும் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது எங்கள் வர்க்கத்தின் ஒரு கெட்ட பழக்கம், நானும் விலக்கில்லை. ஆனால் மருதம்பட்டை பொட்டாசியத்தை இப்படிக் கீழே இறக்கும் என்பதற்கு நான் படித்தவரையில் ஆதாரம் இல்லை. இரண்டு வருஷம் சும்மா இருந்த பட்டை ஏழு வாரத்துக்கு முன் ஏன் திடீரென்று விஷமாக வேண்டும்?

"வீட்ல இருக்கிற எல்லாத்தையும் கொண்டுவாங்கம்மா, டப்பா, பொட்டலம், பாட்டில், ஒண்ணு விடாம" என்றேன். மறுநாள் ஒரு மஞ்சள் பை வந்தது. கட்டிலில் கவிழ்த்தோம். மருதம்பட்டைத் துண்டுகள், உள்பக்கம் செங்கல் நிறம். காய்ந்த கீழாநெல்லி. மூட்டு வலித் தைலம். அடியில், செய்தித்தாளில் மடித்த ஒரு சூரணப் பொட்டலமும், பென்சில் தடிமனில் மஞ்சள் நார் தெரிகிற நாலைந்து குச்சிகளும். ஒன்றை எடுத்து நுனியைக் கடித்துப் பார்த்தேன். இனிப்பு. நாக்கை விட்டுப் போகாத அந்த இனிப்பு.

அதிமதுரம்.

"இருமலுக்குங்க" என்றார் அவர் மனைவி. வறட்டு இருமல், ராத்திரியில் தூங்கவிடவில்லை, கோயிலில் யாரோ சொன்னார்கள், நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி மூன்றும் சேர்த்து இடித்து வாங்கித் தேனில் குழைத்துச் சாப்பிட்டார்கள். தொண்டைக்கு இதமாக இருந்ததால் அதிமதுரத்தைத் தனியாகவும் வாங்கி, பகலெல்லாம் குச்சியை வாயில் அடக்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு சாப்பிட்டார் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சிரமமே இல்லை, கண்டக்டர் அல்லவா, கடை ரசீது எல்லாம் பைக்குள்ளேயே ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. ஏழு வாரத்தில் அதிமதுரம் மட்டும் ஐந்நூறு கிராம். நாளுக்குச் சுமார் 10 கிராம். சித்த மருத்துவத்தில் சூரணத்துக்குத் திரிகடி அளவு என்பார்கள், மூன்று விரலால் கிள்ளி எடுக்கிற அளவு. இவர் எடுத்தது அதைவிட மிக அதிகம். வேரில் அந்த இனிப்பைத் தருகிற கிளைசிரைசின் நூற்றுக்கு மூன்று பங்குதான் என்று குறைத்தே வைத்தாலும் நாளுக்கு 300 மில்லிகிராம் வருகிறது. நாளுக்கு 100-ஐத் தாண்டவேண்டாம் என்பது ஐரோப்பிய உணவு வல்லுநர் குழு சொன்ன எல்லை, அதுவும் நல்ல உடம்புள்ளவர்களுக்கு.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேஸின் முடிச்சு இங்கேதான். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற ஒரு பூட்டு இருக்கிறது. அதன் சாவி ஆல்டோஸ்டிரோன். ஆனால் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே பூட்டில் அச்சாகப் பொருந்தும், ரத்தத்தில் கார்டிசால் எத்தனையோ மடங்கு அதிகம் வேறு. அது போய்த் திறந்துவிடாமலிருக்க உடம்பு அங்கே ஒரு நொதியைக் காவல் வைத்திருக்கிறது. வருகிற கார்டிசாலையெல்லாம் பூட்டில் பொருந்தாத கார்டிசோனாக மாற்றிவிடுவது அதன் வேலை. கிளைசிரைசின் குடலில் சிதைந்து உண்டாகிற பொருள் அந்தக் காவலைத் தூங்கவைத்துவிடும். அப்புறம் கார்டிசால் நேராகப் போய்ப் பூட்டைத் திறக்கும், உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். எனலாபிரில் ஆல்டோஸ்டிரோனைத்தான் குறைக்கும், கார்டிசாலை ஒன்றும் செய்யாது, அதனால் இங்கே பெரிதாக உதவாது. 1940-களிலேயே நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்து, புண் ஆறினாலும் சிலருக்கு உடம்பு வீங்குவதைக் குறித்துவைத்தார்.

ஆனால் ஒரு இடம் இன்னும் உதைத்தது. ஸ்பைரோனோலாக்டோன் அந்தப் பூட்டையே அடைத்துவைக்கிற மருந்து. அது உள்ளே இருந்தால் அதிமதுரம் இவ்வளவு ஆட்டம் போட்டிருக்க முடியாது. மூன்றாம் நாள், மனைவி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அந்த ஒரு மாத்திரைய மட்டும் நிறுத்திட்டேன் டாக்டர். மூணு மாசமாச்சு. மார்ல கட்டி மாதிரி வந்து, சட்டை பட்டாலே வலி. பொம்பளைக்கு வர்ற மாதிரி. யார்ட்டப் போய் இதச் சொல்றது?" ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிற ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும், தெரிந்த பக்கவிளைவு, மாற்று மருந்தும் உண்டு. நான் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மூன்று மாதம் அதை மறைத்துவைத்திருக்க மாட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த இருமல் எங்கிருந்து வந்தது? பழைய ஓபி சீட்டைப் புரட்டினேன். எனலாபிரிலை இரட்டிப்பாக்கியது நான். நாலு வாரம் கழித்து வந்தபோது "வறட்டு இருமல்" என்று எழுதி அதற்கு ஒரு சிரப்பும் எழுதிக்கொடுத்ததும் நான். எனலாபிரில் குடும்பத்து மாத்திரைகளால் சுமார் பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வரும் என்பதை எந்த ஹவுஸ் சர்ஜனும் சொல்லுவார். என் மாத்திரையால் இருமல், இருமலுக்கு அதிமதுரம், அதிமதுரத்தால் பொட்டாசியம் இறக்கம், அதனால் டிகாக்ஸின் நஞ்சு, நஞ்சால் மஞ்சள் பார்வை, அதற்குக் கீழாநெல்லி. கேஸ் ஷீட்டில் "மூலிகை நச்சு" என்று இருந்த வரியை அன்று ராத்திரி அடித்தேன்.

வைத்தியம் சுருக்கமாக: டிகாக்ஸினும் மெட்டோபுரோலாலும் நிறுத்தம், மானிட்டரில் வைத்துப் பொட்டாசியமும் மெக்னீசியமும் சிரை வழியாக நிதானமாக. டிகாக்ஸினுக்கு எதிர்மருந்தாக ஒரு ஆன்டிபாடி ஊசி உண்டு, எங்கள் கையில் இல்லை. தற்காலிக பேஸ்மேக்கரைத் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் நாடி மறுபடி தாறுமாறாக ஓட ஆரம்பித்தது, வார்டில் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. மஞ்சள் ஐந்தாம் நாள் போனது. பொட்டாசியம் மட்டும் பத்து நாளைக்குமேல் படுத்தியது. அதிமதுரத்தை நிறுத்தியபின்னும் தூங்கிய காவல் விழிக்க ஓரிரு வாரம் பிடிக்கும். ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனையும் அதைத் தூண்டுகிற ரெனினையும் பார்த்திருந்தால் இரண்டும் அடங்கிக் கிடப்பதைக் காட்டியிருக்கலாம், செலவை நினைத்து அனுப்பவில்லை. அதனால் என்னிடம் இருப்பது காலக் கணக்கும், நிறுத்தியதும் சரியானதும்தான். நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதைவிடப் பொருத்தமாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

போகும்போது ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதில் மார்பைத் தொந்தரவு செய்யாத எப்ளெரினோன், எனலாபிரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்து சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான் (அந்த இடைவெளி முக்கியம், இல்லாவிட்டால் முகமும் நாக்கும் வீங்கும் ஆபத்து), கூடவே டாபாகிளிஃப்ளோசின், இரண்டும் இதயச் செயலிழப்புக்கான புது மாத்திரைகள். மெட்டோபுரோலாலைக் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பித்தோம். டிகாக்ஸினை விட்டேவிட்டோம்.

டிகாக்ஸினைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வளவு கலாட்டா செய்த அந்த மாத்திரையே ஒரு நாட்டு மருந்துதான். 1775-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி உடம்பில் நீர் கோத்து வீங்குகிற நோய்க்கு ரகசியமாகக் கொடுத்துவந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைக் கலவை வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் கைக்கு வந்தது. அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் செடி ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, பத்து வருஷம் நோயாளிகளிடம் அளவைப் பழகி, 1785-இல் புத்தகமாகப் போட்டார். அளவு மிஞ்சினால் வாந்தி, பொருள்களெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிவது, நாடி நிமிஷத்துக்கு 35 வரை இறங்குவது, எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் பெரியவர் சொன்ன டியூப் லைட், 240 வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்தது. நம் ஊர் அரளி விதை ஆளைக் கொல்வதும் இதே வகை வேதிப்பொருளால்தான்.

அடுத்து மருதம்பட்டை. "அதையும் நிறுத்தணுமா டாக்டர்?" என்று கேட்டார், கேட்ட குரலிலேயே நிறுத்த மாட்டார் என்று தெரிந்தது. நான் படித்ததை அப்படியே சொன்னேன். 1995-இல் இந்தூரில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்குப் பட்டைச் சாறு 500 மில்லிகிராம் எட்டு மணிக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலன் தெரிந்தது. பன்னிரண்டே பேர், இரண்டு வாரம். அதற்கப்புறம் டெல்லி எய்ம்ஸில் 100 பேரை வைத்து, யாருக்கு எது என்று தெரியாமல், சிலருக்குப் பட்டைச் சாறு நாளுக்கு இரண்டுமுறை 750 மில்லிகிராம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். 2016-இல் முடிவு வந்தது. பம்பிங் ஏறவில்லை. நடக்கும் தெம்பும் தொந்தரவுகளும் கொஞ்சம் தேவலை என்று இருந்தது. ஆயுள் கூடுமா, ஆஸ்பத்திரிக்கு வருவது குறையுமா என்பதெல்லாம் 100 பேரில் தெரியாது.

இந்தக் கேள்விக்கு எண்ணிக்கை வேண்டும், சீனாக்காரர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். சிலிசியாங்சின் என்ற பதினொரு சரக்குக் கேப்சூலை, வழக்கமான மாத்திரை எதையும் நிறுத்தாமல் அதோடு சேர்த்து, பம்பிங் 40 அல்லது அதற்குக் கீழே உள்ள 3,110 பேரிடம் சோதித்து 2023-இல் ஆம்ஸ்டர்டாம் மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். இதயத்தால் மரணம் அல்லது செயலிழப்புக்காக ஆஸ்பத்திரி என்ற கணக்கில் வெற்று மாத்திரைக்காரர்கள் 30 சதவீதம், கேப்சூல்காரர்கள் 25. சின்ன வித்தியாசமில்லை. அந்தப் பதினொன்றில் ஒரு பட்டையில் டிகாக்ஸினுக்குப் பங்காளியான பொருள் உண்டு என்பது வேறு விஷயம், இங்கே யாராவது இணையத்தில் வாங்கி டிகாக்ஸினோடு சேர்த்துச் சாப்பிட்டால் நான் கவலைப்படுவேன். ஐரோப்பாவில் இதயத்துக்கென்றே பெயர்பெற்ற ஹாத்தார்ன் செடிச் சாறு, 2008-இல் 2,681 பேரிடம் சோதித்ததில் மரணத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்த முக்கியக் கணக்கில் தேறவில்லை. மூலிகை என்று பொதுவாகச் சொல்லி ஒரே மூச்சில் ஏற்கவோ தள்ளவோ முடியாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பெரியவரோடு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். மருதம்பட்டை தொடரலாம், காலையில் ஒரே ஒரு சின்ன டம்ளர், அந்த டம்ளரும் ஒரு நாளைக்கான ஒன்றரை லிட்டர் தண்ணீர்க் கணக்கில் சேரும். முன்பு அவர் காலையும் மாலையும் பெரிய டம்ளரில் நானூறு மில்லி குடித்துவந்தார், அதை அவர் தண்ணீர் என்றே நினைக்கவில்லை, "அது மருந்துதானே" என்றார். பட்டை ஒரே கடையில், தூளாக இல்லாமல் துண்டாக. தூளில் கருமருது கலந்தால் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக எந்தப் பொட்டலம் பிரித்தாலும் ஒரு போன், ஒரு வாரத்தில் பொட்டாசியம், ரத்தம் உறையும் நேரம் இரண்டும் பார்ப்பது. அதிமதுரம் கூடவே கூடாது, குச்சியும் சரி, இருமல் சூரணமும் சரி, தொண்டைக்கு என்று விற்கிற மிட்டாயும் சரி. மூக்கிரட்டை, நெருஞ்சில், நீர்முள்ளி மாதிரி நீர் பிரிக்கிற மூலிகைகளை நீர் மாத்திரையோடு சேர்த்துக்கொள்வதானால் என்னிடமும் சித்த மருத்துவரிடமும் சொல்லிவிட்டு. இங்கே அரசு ஆஸ்பத்திரி பலவற்றில் சித்தா பிரிவு அதே வளாகத்தில்தான் இருக்கிறது, நாங்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து எக்கோவில் பம்பிங் 37. இருமல் இல்லை, மார்பு வலி இல்லை, எடை 60-இல் நிற்கிறது. மருதம்பட்டைதான் என்கிறார். புது மாத்திரைகள்தான் என்று நான் சொல்வேன், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் சாப்பிட்ட ஒரே ஆளை வைத்து எங்கள் இருவரில் யாரும் ஜெயிக்க முடியாது.

போன வாரம் நோட்டைக் காட்டினார். எடை, மூச்சு என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் "பொட்டலம்" என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். தினமும் "ம" என்று ஒரு எழுத்து, மருதம்பட்டைக்கு. பழைய பக்கங்களையும் புரட்டினோம். கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும் நடந்த அந்த மூன்று நாளில் மட்டும் எடை ஏறவே இல்லை. வாந்தியாலும் இருக்கலாம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, உப்பு" என்றார்.